இருமுறை சுட்ட சொல்

பஹாங் மாநிலத்துக் கேமரன் மலையிலே, பிற்பகல் சாய்ந்தபின் பிரிஞ்சாங் சிகரத்தின் பக்கமிருந்து இறங்கிவரும் மூடுபனியானது, சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேயிலைச் சரிவுகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தொழிலாளரின் லயத்து வீடுகளின் சன்னல் வழியே சமையற்கட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிற வேளையில், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் அநேகமாகத் தவறாது நடைபெறும் காரியம் ஒன்று உண்டு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும், தேத்தண்ணி கலப்பார்கள், மேசைமேல் ஒரு தகர டின் வந்து அமரும். டின்னைத் திறந்தவர் வந்தவர்க்கு நீட்டுமுன் ஒரு பிஸ்கட்டை எடுத்து விரலிடையில் வைத்து லேசாக அழுத்திப் பார்ப்பார். முந்தின நாள் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தால், "நமத்துப் போச்சு" என்று அவர் வாயிலிருந்து இரண்டே சொற்கள் பிறக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுச் சரித்திரம் உடைய ஒரு சொல்லின் முழு அர்த்தமும் அவ்விரண்டு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பது என் துணிபு. அத்துணிபுக்கு ஆதாரமாக அமைபவற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிஸ்கட் என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று பள்ளிச் சிறுவனும் விடை சொல்லிவிடுவான்; ஆனால் ஆங்கிலத்துக்கும் அது இரவல் சொல்தான். ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பெற்றனர். பிரெஞ்சுக்காரர் லத்தீனிலிருந்து பெற்றனர். லத்தீனில் 'பிஸ்' என்றால் இருமுறை, 'கோக்துஸ்' என்றால் சுடப்பட்டது. ஆகவே 'பிஸ்கோக்துஸ்' என்பது இருமுறை சுட்ட ரொட்டி. ஜெர்மானியர் இதே கருத்தைத் தம் பாஷையின் சொற்களாலேயே மொழிபெயர்த்து 'ஸ்வீபாக்' என்று வழங்குகின்றனர். ஒருமுறை சுட்டெடுத்த ரொட்டியை மறுபடியும் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பதன் நோக்கம் ருசியைக் கூட்டுவதன்று, உள்ளே மிஞ்சியிருக்கும் ஈரத்தை வெளியேற்றுவதே. ரொட்டியைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்வது அந்த ஈரம். அது போய்விட்டால், மாதக்கணக்காய்க் கடலில் திரியும் கப்பலிலும் போர்க்களத்து மூட்டையிலும் பண்டம் கெடாமல் இருக்கும். ஆகவே 'இருமுறை' என்னும் எண்ணிக்கை ஒரு செய்முறையைக் குறித்தது. அச்செய்முறை வறட்சியைக் குறித்தது. வறட்சியோ நெடிய பிரயாணத்தைக் குறித்தது.

இச்சொல் தன் மூலப்பொருளை விசுவாசத்துடன் சுமந்து நின்ற காலம் கப்பற்படைகளின் காலமே. 1677இல் சாமுவேல் பீப்ஸ் என்பவர் ஆங்கிலக் கடற்படையின் உணவுப் படியை ஒழுங்குபடுத்தியபோது, ஒவ்வொரு மாலுமிக்கும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கட்டும் ஒரு கேலன் பியரும் என்று விதி செய்தார். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் பேரகராதியோ, கடலுக்குக் கொண்டுபோகும் கடினமான உலர்ந்த ரொட்டி என்று இதற்குப் பொருள் சொல்லிவிட்டு, நெடும்பயணத்துக்கென்று இதனை நான்கு தரம் சுடுவார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறது. இருமுறை என்று தன் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கும் ஒரு பதார்த்தத்தை நான்குமுறை சுடுவதாக ஓர் அகராதி எழுதும்போது, அக்கணக்கு ஏற்கனவே மக்களின் ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டது என்பது தெளிவு.

இங்கே ஆங்கிலத்தின் அடுக்களைச் சொற்களைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, மாவையும் அடுப்பையும் சார்ந்த பிரெஞ்சுச் சொற்கள் கூட்டங்கூட்டமாக அந்நாட்டுக்குள் வந்தன. பேஸ்ட்ரி என்பது பிசைந்த மாவைக் குறிக்கும் 'பேஸ்ட்' என்பதன் வழித்தோன்றல். அதே குடும்பத்துப் பிரெஞ்சுச் சொல்லான 'பாத்தே' ஆங்கிலத்தில் 'பாட்டி' எனத் திரிந்து, பிற்காலத்தில் இலங்கைக்குப் போய், இன்று யாழ்ப்பாணத்துச் சிற்றுண்டிச்சாலைகளில் பற்றீஸ் என்னும் பெயரோடு கண்ணாடி அலமாரிக்குள் வீற்றிருக்கிறது. கஸ்டர்ட் என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. மேலோடு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த அது, தொடக்கத்தில் மாவோட்டுக்குள் பாலும் முட்டையும் இறைச்சியும் இட்டுச் சுட்ட பணியாரம் முழுமைக்கும் பெயராயிருந்தது. காலக்கிரமத்தில் ஓடு கழன்று போயிற்று, உள்ளிருந்த பாலும் முட்டையும் மட்டும் ஓட்டின் பெயரைத் தாங்கி நின்றன.

ஒரே பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலம் இருமுறை இரவல் வாங்கியதும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் சாசர் தம் கான்டர்பரிக் கதைகளின் முன்னுரையில் வருணிக்கும் கன்னிமடத் தலைவி, தன் செல்ல நாய்க்குட்டிகளுக்கு 'வாஸ்டல்' என்ற உயர்தர வெள்ளை ரொட்டியை ஊட்டுகிறாள். நார்மானிய வழக்கில் 'வ' என ஒலித்தது பாரிஸ் வட்டாரத்தில் 'க' என ஒலிக்கும் என்பது பிரெஞ்சு ஒலிநூலில் பிரசித்தமான விதி. நாமே கடையில் பொருள் வாங்கும்போது கேட்கிற வாரண்டி, கேரண்டி என்னும் இரட்டைச் சொற்கள் அவ்விதிக்குக் கண்கூடான சாட்சி. வாஸ்டல் என்பதன் பாரிஸ் வடிவம்தான் 'காத்தோ'. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதே சொல்லைப் புதிதாக இறக்குமதி செய்து, பாலேடு பூசி அலங்கரித்த ஆடம்பரக் கேக்குக்கு மட்டும் அப்பெயரைச் சூட்டினர். பிரான்சில் காத்தோ என்றால் எளிய கேக்கும் அதில் அடங்கும். இங்கிலாந்தில் அச்சொல் விருந்து மேசையை விட்டு இறங்காது. முதலில் வந்த வாஸ்டலோ மறைந்தே போயிற்று. முன்னே குடியேறிய சொற்கள் வேலைக்காரராகி வீட்டோடு கலந்துவிட, பின்னே வந்தவை விருந்தாளியாகவே அமர்ந்து தம் பிரெஞ்சு உச்சரிப்பையும் மதிப்பையும் காத்துக்கொள்வது ஆங்கிலத்தின் இயல்பு. பிரியோஷ், குரோசான், எக்ளேர் ஆகிய யாவும் பின்வகையின.

பிஸ்கட் முன்வகையைச் சேர்ந்தது; ஆயினும் அதற்குப் பின்வகையின் உடை ஒன்றைப் பிற்காலத்தில் அணிவித்துவிட்டனர். 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயர் இச்சொல்லை உச்சரித்தபடியே, நாம் தமிழில் எழுதுவதைப்போலவே, 'பிஸ்கெட்' என்று எழுதிவந்தார்கள். பிறகு பிரெஞ்சு எழுத்துமுறையை அப்படியே கொண்டுவந்து ஒட்டினார்கள். உச்சரிப்பை மட்டும் பழையபடி விட்டுவிட்டார்கள். இதனால் எந்தப் பயனும் விளையவில்லை. ஆங்கிலம் கற்கும் ஒவ்வொரு குழந்தையும் அச்சொல்லின் நடுவே உச்சரிக்கப்படாத எழுத்தொன்றில் இடறுவதுதான் விளைந்தது. இம்மலையின் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள், தமிழிலும் மலாயிலும் ஒலித்தபடி எழுதும் இச்சொல்லை ஆங்கில வகுப்பில் மட்டும் வேறு விதமாக மனனம் செய்யவேண்டியிருப்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

எழுத்து பிரெஞ்சாக மாறிய அக்காலத்திலேயே பொருளும் பல திக்குகளில் பிரிந்து சென்றது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இயந்திரத் தொழிற்சாலைகள், வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து ஒரே முறை சுட்ட மெல்லிய வில்லைகளைத் தகர டின்களில் அடைத்து உலகெங்கும் அனுப்பின. 1822இல் ரெடிங் நகரில் ஹன்ட்லி குடும்பத்தார் தொடங்கிய சிறுகடை, ஜார்ஜ் பாமர் கூட்டுச் சேர்ந்தபின் அவ்வாறு வளர்ந்தது. 1874இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்திரோவ்னா விக்டோரியா மகாராணியின் மகனை மணந்ததன் ஞாபகார்த்தமாக லண்டன் பீக் ஃபிரீன் நிறுவனத்தார் செய்த வட்ட வில்லைதான் மேரி பிஸ்கட். அதன் முகத்தில் வரிசையாய்க் காணும் துளைகள் அலங்காரத்துக்காக இட்டவையல்ல. மாவுக்குள் எழும் நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் வில்லை உப்பிவிடும் என்பதால் குத்தியவை. பழைய கப்பல் பிஸ்கட்டிலும் அத்துளைகள் இருந்தன. பெயரும் துளையும் எஞ்சின. இரண்டாம் சூடு போயிற்று.

அமெரிக்கரோ நேர் எதிர்த் திசையில் சென்றனர். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் பரவிய பிற்பாடு, மிருதுவாக உப்பி எழுந்து சூடாகவே உண்ணவேண்டிய ஒருவகை ரொட்டிக்கு அவர்கள் பிஸ்கட் என்ற பெயரை வைத்துக்கொண்டு, உலர்ந்த இனிப்பு வில்லைக்கு டச்சுக்காரரின் 'குக்கி'யை எடுத்துக்கொண்டனர். பிரான்சிலேயே அச்சொல், பஞ்சுபோன்ற கேக்கு வகைகளையும் குறிக்கிறது. மெருகிடுமுன் ஒரே ஒரு முறை சூளையில் சுட்டெடுத்த பீங்கானையும் குறிக்கிறது.

இந்தப் பிளவைக் கேமரன் மலையிலேயே காணலாம். அங்கே தானா ராத்தா, பிரிஞ்சாங் என்னும் ஊர்களில் சுற்றுலாவினரை அழைக்கும் பலகைகளில் ஸ்கோன் என்னும் மிருதுவான சிறு ரொட்டியின் பெயரைக் காணாமல் நடக்க முடியாது. சூடான ஸ்கோனைப் பிளந்து, மலையில் விளைந்த ஸ்ட்ராபெர்ரியின் ஜாமையும் பாலேட்டையும் தடவி, தேநீரோடு உண்பது, வெள்ளைக்காரர் இம்மலையை ஓய்விடமாக ஆக்கிய 1930களின் பழக்கம். ஸ்கோன் என்பது ஸ்காட்லாந்துச் சொல்; பழைய டச்சு மொழியில் நேர்த்தியான வெண்ரொட்டியைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்திருக்கவேண்டும் என்பது அறிஞர் கருத்து. இனி, அமெரிக்காவின் தென்மாநிலத்துக்காரர் ஒருவர் இங்கே வருவதாக வைத்துக்கொள்வோம். சுற்றுலா மேசையில் கிடக்கும் ஸ்கோனைப் பார்த்த மாத்திரத்தில் அவர் நாவில் முதலில் எழும் பெயர் பிஸ்கட். லயத்து வீட்டு டின்னில் இருப்பதற்கோ அப்பெயரை அவர் கொடுக்கவே மாட்டார். மேட்டிலும் பள்ளத்திலும் வாழும் இரண்டு வர்க்கத்தாரின் இரண்டு பதார்த்தங்களும், ஒரே பிரெஞ்சுச் சொல்லின் இரு கிளைகளின்கீழ் வந்து நிற்கின்றன.

தமிழுக்கு இச்சொல் வந்த வாயில்கள் இரண்டு. நம் பாட்டிமார் வாயில் வழங்கிய 'பிஸ்கோத்து' என்னும் வடிவத்தைப் பலர் பிஸ்கட்டின் கொச்சை என்று கருதுகின்றனர். அது பிழை. ஆங்கிலச் சொல்லின் எந்த ஒலியிலிருந்தும் 'கோ' என்னும் நெடிலும் 'த்து' என்னும் முடிவும் பிறக்க வழியில்லை. போர்த்துக்கீசிய மொழியில் இப்பண்டத்தின் பெயர் 'பிஸ்கோய்த்து'. அதைத்தான் நம் கடற்கரைத் தமிழர் கேட்டபடி சொல்லிவந்தனர். ஆகவே பிஸ்கோத்து பிஸ்கட்டுக்கு மூத்தது. கொச்சை என்று ஒதுக்கத்தக்கதன்று. இக்கட்டுரையின் தொடக்கத்தில் பனி நுழைந்த சன்னலும், டின் வந்தமர்ந்த மேசையும், அதே போர்த்துக்கீசியக் கப்பலில் வந்த சொற்களே. 1511இல் மலாக்காவைப் பிடித்த அந்த ஜாதியார் மலாய் மொழிக்கும் மேசையையும் அலமாரியையும் கொடுத்துச் சென்றனர். அதனால்தான் தமிழனும் மலாய்க்காரனும் இவ்விஷயத்தில் மொழிபெயர்ப்பாளன் தேவையின்றிப் பேசிக்கொள்ள முடிகிறது.

இரண்டாவதாக வந்த ஆங்கில வடிவம் எழுத்துத் தமிழைக் கைப்பற்றிக்கொண்டது. தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1880இல் தொடங்கிய பிஸ்கட் தொழிற்சாலையும், கல்கத்தாவில் 1892இல் 295 ரூபாய் முதலீட்டில் எழுந்து பிற்காலத்தில் பிரிட்டானியா என்னும் பெயர் பெற்ற தொழிலும் இந்தியாவில் அச்சொல்லை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன. மலாயாப் பக்கம் 1947இல் சிங்கப்பூரில் தோன்றிய கோங் குவான் நிறுவனமும், 1958இல் ஜோகூரின் பத்து பகாட்டில் தோன்றிய ஹப் செங் நிறுவனமும் சீனர் கைத்தொழிலாய் வளர்ந்து, தோட்டத்து மளிகைக் கடைவரை வந்தன. பெரிய சதுர டின்னிலிருந்து அள்ளி நிறுத்துக் காகிதப் பையில் கட்டிக் கொடுத்த பிஸ்கட்டின் வாசனையை மலேசியத் தமிழரில் வயது முதிர்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில், 'ரொட்டி' என்னும் இந்திய நாட்டுச் சொல்லும் விடாப்பிடியாக நின்றுகொண்டிருந்தது. தென்பாண்டிக் கிராமங்களில் இன்றும் பிஸ்கட்டை ரொட்டி என்பவர் உளர்.

பேச்சுத் தமிழ் இச்சொல்லை வைத்துச் செய்த பிரயோகங்களும் கவனிக்கத்தக்கவை. அற்பமான, எளிதில் நொறுங்கிவிடக்கூடிய ஆளையோ விஷயத்தையோ 'பிஸ்கோத்து' என்று தள்ளிவிடுகிறோம். மாலுமிகளின் பல்லை உடைத்த பண்டத்தின் பெயர் வலிமையின்மைக்கு அடையாளமானது பொருள் மாற்றத்தின் ஓர் எல்லை. உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டிப் பொன்னைத் தங்க பிஸ்கட் என்கிறோம்; அது இன்னோர் எல்லை. இவ்வளவுக்கும் நடுவே, லத்தீன் மூலத்தின்படி உண்மையிலேயே இருமுறை சுட்ட ரொட்டித்துண்டு நம்மிடையே இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் ரஸ்க். முறுக்கு, சுருள் என்று பொருள்படும் 'ரோஸ்கா' என்னும் ஐபீரியச் சொல்லின் மரபில் வந்தது அது. இருமுறை சுட்டது சுருளின் பெயரைப் பெற்றது. ஒருமுறை சுட்டது இருமுறையின் பெயரைப் பெற்றது.

அப்படியானால் பிஸ்கட் என்பதன் அர்த்தந்தான் என்ன? இருமுறை சுடுவதன்று, இனிப்பன்று, ஏனெனில் கிரீம் கிராக்கரும் பிஸ்கட்டே, வட்டமன்று, சதுரமுமன்று. இக்கேள்வியை ஒரு நியாய மன்றமே எடுத்து விசாரிக்க நேர்ந்தது. பிரிட்டனின் மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தில் கேக்குக்கு வரியில்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு. ஜாஃபா கேக் என்பது, ஆரஞ்சுக் கூழ் வைத்துச் சாக்லேட் பூசிய சிறு வட்டம், அது பிஸ்கட்டின் பருமனில் பிஸ்கட்டுகளோடு விற்கப்படுவது, பெயரிலோ கேக். 1991இல் இவ்வழக்கை விசாரித்த வரி நடுவர் மன்றம் அதன் பெயர், மாவின் பக்குவம், மென்மை, அளவு, விற்கும் முறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடை போட்டது. அவற்றில் மிகவும் நுட்பமான பரீட்சை ஒன்று உண்டு: பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் இளகும். ஜாஃபா கேக் பழசானால் இறுகுகிறது. ஆகவே அது கேக் என்று தீர்ப்பாயிற்று.

இப்பரீட்சையை ஆங்கிலேயர் ஒரு கண்டுபிடிப்பாகப் போற்றுவதில் வியப்பில்லை. இறுகியதையும் இளகியதையும் ஒரே 'ஸ்டேல்' என்னும் சொல்லால் குறிக்கும் பாஷை அவர்களுடையது. தமிழிலோ அவ்விரண்டுக்கும் வெவ்வேறு வினைகள் உள்ளன. முந்தாநாள் வாங்கிய ரொட்டி காய்ந்து போகும். முந்தாநாள் திறந்த பிஸ்கட் நமத்துப் போகும். முறுக்கு, அப்பளம், வடகம், தீக்குச்சி, பட்டாசு என எவையெல்லாம் தம் வறட்சியையே உயிராகக் கொண்டவையோ, அவையெல்லாம் நமக்கும். இட்லி நமக்காது, பூரண கொழுக்கட்டை நமக்காது. காற்றின் ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டு மொறுமொறுப்பை இழப்பது என்னும் ஒரு பௌதிக நிகழ்ச்சியைத் தனிச் சொல்லாக வைத்துக்கொண்டிருக்கும் மொழியில், பிஸ்கட்டுக்கு இலக்கணம் சொல்ல மன்றம் கூடவேண்டியதில்லை. நமக்கக் கூடியது பிஸ்கட். லத்தீன்காரன் 'இருமுறை' என்று சொல்லிக் குறிக்க முயன்றதும் இவ்வறட்சியைத்தான். அவன் செய்முறையைச் சொன்னான், தமிழ்ப் பெண் அதன் பலனைச் சொன்னாள். சொல் பிறந்த இடத்தைக் காட்டிலும் அது புழங்கும் கையே அதன் பொருளை நன்கு அறியும் என்று நான் கருதுவதற்கு இதைக்காட்டிலும் பலமான சான்று எனக்கு அகப்படவில்லை.

வறட்சிக்கு இவ்வளவு மதிப்புக் கிடைக்கும் இடம் கேமரன் மலையைப்போல் வேறொன்று காண்பது அரிது. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைக் கடந்துவிடும். மழை ஓய்ந்த நேரத்தில் பனி. துவைத்த துணி இரண்டு நாளானாலும் உலராது, உப்பு கசியும், சுவரில் பாசி ஏறும். 1885இல் இவ்வட்டாரத்தை அளந்த வில்லியம் கேமரன் பெயர்தான் மலைக்கு நிலைத்தது; ஆயினும் அதற்குத் தோட்டக் குடியும் உழைப்பும் வந்து சேர்ந்தது 1920களிலிருந்துதான். தாப்பாவிலிருந்து பாதை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1929இல், ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னைத் துணைக்கொண்டு 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 'போ' என்னும் அப்பெயரும் ஒரு சொல்லாராய்ச்சிக்குரியது. மலையில் சிறந்தது என்று பொருள்தரும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அது என்று ஊரார் விளக்கம் சொல்வார்கள். உண்மையில் அது சீனத்து வூயி மலையின் பெயரைப் புக்கியன் உச்சரிப்பில் கேட்ட ஐரோப்பியர் எழுதிய 'போஹீ' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்ந்த தேயிலைக்குப் பெயராயிருந்த போஹீ, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மட்ட ரகத்தின் பெயராகச் சரிந்தது; சரிந்த சொல் பஹாங் மலையில் மறுபடியும் நிமிர்ந்தது. நாம் தேயிலை, தேத்தண்ணி என்று சொல்லும் 'தே'யும் அதே புக்கியன் வழக்கினின்று கிளம்பி, மலாய்த் துறைமுகங்களைத் தொட்டு உலகெங்கும் போனதுதான்.

கம்பளத்தைப் போல் இன்று படத்தில் தோன்றும் அச்சரிவுகளைக் காடு வெட்டி, வேர் பறித்து, வரிசை பிடித்து நட்டு ஆக்கியவருள் பெரும்பாலோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தமிழர். கங்காணி என்னும் மேற்பார்வையாளரைக் கொண்டு ஊரிலிருந்து ஆள் சேர்க்கும் முறைக்கு 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்தது. ஆகவே மலைத்தோட்டம் பிறந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் ஊரின் வாசல் மூடிக்கொண்டது என்று சொல்லலாம். விடியுமுன் இருட்டில், குளிரில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் 'பெரட்டு'க்குப் போய் நின்றவர்கள் அவர்கள். பெரட்டு என்பது ஆங்கிலப் 'பரேட்' என்பதன் திரிபாகக் கருதப்படுவது. அந்தப் பரேட்டும் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்தே வந்தது. காலையில் ஒரு பிரெஞ்சுச் சொல்லின் அழைப்புக்கு வீட்டை விட்டுப் போய், மாலையில் இன்னொரு பிரெஞ்சுச் சொல்லோடு பசியாற உட்கார்ந்த அவ்வாழ்க்கையில், முன்னது எவ்வளவு கடுமையைத் தாங்கியிருந்ததோ, அவ்வளவு ஆறுதலைப் பின்னது தாங்கியிருந்தது. பசியாறுதல் என்று மலேசியத் தமிழர் சொல்வது வெறும் காலையுணவை மட்டுமன்று. நடுவேளையில் வீட்டுக்கு வந்தவரிடம், "வாங்கண்ணே, பசியாறிட்டுப் போங்க" என்று சொல்வதும் அதே சொல்தான். அச்சொல்லுக்கு உடனே கைகொடுக்கக் கூடியது, அடுப்பு மூட்டாமலே எடுத்து வைக்கக் கூடியது, டின்னிலிருக்கும் பிஸ்கட்.

தோட்டத்து ஆலையில் நடப்பதை அறிந்தவர்க்கு தேத்தண்ணி, பிஸ்கட் ஆகிய இவ்விரண்டின் சேர்க்கை இன்னும் அர்த்தமுடையதாகத் தோன்றும். கொழுந்தில் முக்காற்பங்குக்கு மேல் நீர். பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றோட்டத்தில் வாட்டுவது ஈரத்தைப் போக்கும் முதற்படி. பிறகு சுருட்டி நசுக்கி, காற்றுப்படச் சிவக்க விட்டு, சூடான காற்றில் உலர்த்துவது இரண்டாம் படி. அவ்வுலர்த்தலின் முடிவில் எஞ்சும் ஈரம் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே பங்கு. தேறிய பிஸ்கட்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. தேயிலையும் இருமுறை வறண்டது; அதுவும் நமக்கும். உலர்ந்தால்தான் உயிர்வாழும் இரண்டு பதார்த்தங்கள் வெவ்வேறு கண்டத்துப் பாதைகளில் வந்து ஒரு கோப்பையில் நீரோடு மறுபடி சேர்கின்றன.

கோப்பையில் பிஸ்கட்டை முக்கி உண்பதை நாகரிகக் குறைவென்று சிலர் நினைப்பார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் லென் ஃபிஷர் இதைச் சோதனைச்சாலையில் வைத்து ஆராய்ந்தார். 1921இல் வாஷ்பர்ன் என்பவர் நுண்துளைகளில் திரவம் ஏறும் வேகத்துக்கு வகுத்த சமன்பாடு பிஸ்கட்டுக்கும் பொருந்தும் என்று காட்டினார். வில்லையிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே தேநீர் ஏறுகிறது. மாவுத்துகள்களை ஒட்டவைத்திருக்கும் சர்க்கரை கரைகிறது. சில கணங்கள் தாமதித்தால் பாதி கோப்பைக்குள் விழுந்துவிடும். கைதேர்ந்தவர்கள் கடிகாரம் பாராமலே அக்கணத்தை அறிவார்கள். பல் விழுந்த கிழவிக்கும் பல் முளைக்காத குழந்தைக்கும் ஒரே பண்டத்தை உணவாக்கும் வித்தை அது. இரண்டு தரம் சுட்டு ஈரத்தை விரட்டிய கப்பல் ரொட்டியையும் மாலுமிகள் கடைசியில் நனைத்தே தின்றனர். நமத்துப் போவதைக் குற்றம் என்று தள்ளிய அதே கை, தேத்தண்ணியில் நனைவதைச் சுகம் என்று கொள்கிறது. காற்று தானே செய்தால் அது கெடுதல்; மனிதன் வேண்டிச் செய்தால் அது பக்குவம். இந்த வேற்றுமையையும் தமிழ் நமத்தல், நனைத்தல் என்று இரண்டு சொல்லில் பிரித்தே வைத்திருக்கிறது.

இன்று மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும். தமிழ்க் குடும்பங்கள் பல கீழே பட்டணங்களுக்கு இறங்கிவிட்டன. இறங்கும்போது அவர்கள் எடுத்துச் சென்ற சாமான்களில் பழைய பிஸ்கட் டின்னும் ஒன்று. அதில் பிஸ்கட் தீர்ந்து வெகுகாலமாயிற்று. 1948இல் மலாயாவில் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோது அது வெறும் காகிதம். எதுவும் உலராத மலையில் காகிதத்தைக் காப்பாற்ற, வீட்டிலிருந்த பாத்திரங்களில் காற்றுப் புகாதபடி மூடி அழுந்தும் பாத்திரம் அந்த டின் ஒன்றே. அட்டைக்குப் பின் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் அதற்குள் போயின; பிறகு பிரஜாவுரிமைக் காகிதம், சம்பளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடைசிக் கடுதாசி. எப்போதாவது அந்த மூடியைத் திறக்க நேரும்போது, முதியவர் மேலே இருக்கும் தாளை எடுத்து, விரலிடையில் வைத்து, லேசாக அழுத்திப் பார்க்கிறார்.